கௌசல்யாவின் வரிசையில் நீ வைத்த புள்ளி

தம்பி,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கேதான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாய். உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. தலத்தெருவிலிருந்து உன் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிஷம், அதற்கு ஒரு கடிதமா என்று உன் மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகள் முன்னால் வாய் ஓயாமல் பேசியவளுக்குப் பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் தருவேன். நீ படித்த பிறகு, அடுத்த திங்கட்கிழமை உன் பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்கள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதனாலேயே பள்ளி இருக்கும் ஊரின் பெயரை எழுதவில்லை. பூவம் பஸ்ஸில் ஏறி நான் எங்கே இறங்குவேன் என்று உனக்குத் தெரியும், அது போதும்.

உன்னைக் கருத்தாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்தில் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்த உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றால் சும்மாவா. உன் அப்பா அன்றைக்குத் தெருவில் போகிற வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "மூணு நாள் ஹால்ல பயிற்சிம்மா, நாலாவது நாள் உங்க பழைய ஸ்கூல்ல மாதிரி வகுப்பு, நாந்தான் எடுக்குறேன், வீடியோ எடுக்குறாங்க" என்று நீ சொன்னாய். அப்புறம் கேட்டாய் பார்: "அம்மா, உங்க மாதிரி வகுப்பு வீடியோ, அந்த சி.டி. எங்கம்மா? அதப் போட்டுத்தான் ஆரம்பிக்கப் போறேன். அதுல ஆறாவதா உக்காந்திருக்குற பையன் நாந்தான்னு சொன்னா ஹாலே கைதட்டும்." எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்றேன். அது பொய். எங்கே இருக்கிறது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில், இவ்வளவு வருஷமாக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயிற்சி என்றாலே அம்மாவுக்கு ஆகாது என்று நினைத்துக்கொள்வாய். எனக்குக் கிடைத்த முதல் பெரிய பயிற்சி என்னை மாற்றியது. நீ அப்போது கைக்குழந்தை, உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போய்ப் பத்து நாள் இருந்தேன். அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்ட டீச்சர் தெரியுமா? மேசை மேல் ஒரு மரஸ்கேல் இருக்கும். வாசிக்கத் திணறுகிற பிள்ளையின் விரல் முட்டியில் அது விழும். அடித்தால்தான் எழுத்து ஏறும் என்று உண்மையாகவே நம்பினேன். அந்தப் பயிற்சியில் யேனாமிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை தெலுங்கில் ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, எழுந்து நின்று படியுங்கள் என்றார். எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு ஓர் எழுத்து தெரியாது. "நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன், ஏன் தெரியல?" என்று அவர் தன் உடைந்த தமிழில் கேட்டார், நான் பிள்ளைகளிடம் கேட்கிற அதே குரலில். எனக்குக் காது சூடாகிவிட்டது, அழுகை வந்துவிட்டது. அவர் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் பெயரை மட்டும் தெலுங்கில் எழுதக் கற்றுக் கொடுத்தார். ஊருக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையைக்கூட நான் அடித்ததில்லை. ஒரு பயிற்சியால் இது முடியும், அதனால்தான் அது வீணாகிறபோது எனக்கு இத்தனை கோபம் வருகிறது.

சுனாமியில் கடல் ஏறி வந்து போன பிறகு ஊரைத் தள்ளிக் கட்டினார்கள் அல்லவா, பள்ளிக்கும் புதுக் கட்டடம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் அட்டை முறையும் வந்தது. பாடப் புத்தகத்துக்குப் பதில் சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஓர் அட்டை முடித்து அடுத்த அட்டைக்குப் போகும். பாயில் ஆறு பேராக உட்காருவார்கள், டீச்சரும் கீழே உட்கார வேண்டும். மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது அது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ராத்திரி பகல் பார்க்காமல் அட்டை வெட்டி ஒட்டினேன், உன் அப்பாவையும் வெட்டவைத்தேன். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஒரு வருகைப் படம் தொங்கும். இடது பக்கம் பெயர்கள், மேலே தேதிகள். காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயருக்கு நேரே, அன்றைய கட்டத்தில், ஸ்கெட்ச் பேனாவால் தானே ஒரு புள்ளி வைக்க வேண்டும். டீச்சர் பெயர் கூப்பிடுவதில்லை.

கௌசல்யா என்று ஒரு பெண் இருந்தாள். உன் வயசுதான், உன்னைவிட ஒரு மாதம் மூத்தவள். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். மற்ற பிள்ளைகள் முப்பதாவது அட்டையில் இருக்கும்போது அவள் நாலாவதில் இருந்தாள். மக்கு இல்லை, தம்பி. இரண்டு வயசுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் எந்தப் பிள்ளையும் நாலாவது அட்டையில்தான் இருக்கும். அவளால் வாசிக்க முடிந்த ஒரே சொல் அவள் பெயர். அதனால் அந்த வருகைப் படம் என்றால் அவளுக்கு உயிர். வந்ததும் பையைக்கூட இறக்காமல் நேராகச் சுவரிடம் போவாள். மற்றதுகள் எல்லாம் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி குத்திவிட்டு ஓடும். இவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி, மிளகு மாதிரி முழு உருண்டையாக வைப்பாள். பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும். "சீக்கிரம்டி" என்று முதுகில் இடிப்பார்கள். அவள் திரும்ப மாட்டாள். அந்தப் படத்தில் கௌசல்யா வந்த நாள் எது, வராத நாள் எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

என் வகுப்பை மாதிரி வகுப்பு என்று தேர்ந்தெடுத்தார்கள். வெளியிலிருந்து ஆட்கள் வந்து வீடியோ எடுப்பார்கள், அதைப் பயிற்சிகளில் போட்டுக் காட்டுவார்கள் என்று சொன்னார்கள். ஏற்பாட்டுக்கு வந்த அம்மாள் ஒருவர் முந்தின நாள் வகுப்பைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குங்க டீச்சர், ஒவ்வொரு குரூப்புலயும் ஆறு பேர் கரெக்டா இருக்கட்டும், எல்லாரும் கொஞ்சம் முன்னேறின அட்டையில இருந்தா பாக்க நல்லா இருக்கும்" என்றார். அவர் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. அதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். யாருமே எனக்கு உத்தரவு போடவில்லை. மணி அடித்ததும் நான்தான் கௌசல்யாவைத் தனியாகக் கூப்பிட்டேன். தலையைத் தடவிக் கொடுத்தேன், அதை நினைத்தால்தான் இப்போதும் கை கூசுகிறது. "நாளைக்கு நீ வர வேணாம்மா. வீட்டுல அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்றேன். "ஏன் டீச்சர்?" என்று கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளையை மேலே தூக்க வந்த முறை அது. அதை நன்றாகக் காட்டுவதற்காக அந்தப் பிள்ளையையே வெளியே நிறுத்தினேன்.

அவள் போனால் குழுவில் ஐந்து பேர்தான். அதற்குத்தான் உன்னைப் பிடித்தேன். டவுனில் உன் ஸ்கூலுக்கு லீவு போடவைத்து, மீந்திருந்த இலவசச் சீருடை ஒன்றை உனக்கு மாட்டிவிட்டேன். உன் அப்பா வாசலில் நின்று, "அவன் எதுக்கு அங்க? அவன் அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளையா?" என்று கேட்டார். "ஒரு நாள்தானே, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்று நான் சீறினேன். உனக்கு அது திருவிழா. ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ஸில் போனாய். உனக்கு எல்லா அட்டையும் தெரியும், வீட்டில் வெட்டிப் போட்டிருந்ததை எல்லாம் நீதானே படித்துக்கொண்டிருப்பாய். காமிரா ஓட ஆரம்பித்ததும் பிள்ளைகள் வரிசையாகப் புள்ளி வைத்தார்கள். உன் முறை வந்தது. உன் பெயர் அங்கே இல்லை, நீ முழித்தாய். வருகை முழுசாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நான் உன் தோளைப் பிடித்து, கௌசல்யா என்ற பெயருக்கு நேரே உன் கையைக் கொண்டுபோய் வைத்தேன். நீ சட்டென்று ஒரு புள்ளி குத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு வீடியோவில் இருக்கிறது. மாணவனை அன்போடு வழிநடத்தும் ஆசிரியை என்று அந்த இடத்தில் ஒரு பெண் குரல் பின்னால் சொல்லும்.

மறுநாள் கௌசல்யா வந்தாள். வழக்கம்போல் பையோடு சுவரிடம் போனாள். பேனாவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் இடித்தார்கள், அசையவில்லை. பிறகு என்னிடம் வந்து, ரொம்ப மெதுவான குரலில், "டீச்சர், நேத்து நான் வந்தனா?" என்று கேட்டாள். நான் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. "எனக்குப் புள்ளி இருக்கு டீச்சர். ஆனா அது நான் வெச்சது இல்ல" என்றாள். எட்டு வயசுப் பெண் அத்தனை தெளிவாகக் கேட்டாள். அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், அது முடியாவிட்டால் தப்பாக வைத்துவிட்டார்கள் என்று சொல்லி அழித்தாவது இருக்கலாம். "போய் உக்காரு, அட்டைய எடு" என்றேன். போய் உட்கார்ந்தாள். அன்றைய கட்டத்தில் அவள் புள்ளியே வைக்கவில்லை என்பதைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என் வகுப்பைப் பார்க்க ஆட்கள் வருவது வாடிக்கையாகிவிட்டது. யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் வகுப்பைப் பெருக்குவோம், அட்டைகளைத் துடைப்போம். கௌசல்யா அதைக் கவனித்துக்கொண்டே இருப்பாள். மணி அடித்ததும் என்னிடம் வந்து, "நாளைக்கு யாராச்சும் வர்றாங்களா டீச்சர்? நான் வர வேணாம்ல?" என்று அவளாகவே கேட்பாள். வாசலைத் தாண்டி ஓடுகிற மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, எனக்கு உதவி செய்கிற மாதிரி கேட்பாள். நான் ஒரு தடவையாவது, நீ கண்டிப்பாக வரணும் என்று சொல்லியிருக்க வேண்டும். "உன் இஷ்டம்மா" என்பேன். எட்டு வயசுப் பிள்ளைக்கு அதில் என்ன இஷ்டம் இருக்க முடியும்? பிறகு கேட்காமலே வீட்டில் நின்றுவிடுவாள். பிறகு ஆட்கள் வராத நாளிலும் நிற்க ஆரம்பித்தாள். ஆனாலும் அவள் பெயருக்கு நேரே எல்லாப் படிநிலையும் முடித்தாள் என்று எழுதி ஐந்தாம் வகுப்பிலிருந்து அனுப்பி வைத்தேன். மாதிரி வகுப்பில் ஒரு பிள்ளை தேறவில்லை என்று எப்படி எழுதுவது? ஆறாம் வகுப்பில் அவள் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டு என்ன செய்தேன்? அந்த வாரம்தான் எனக்கு அந்தக் கேடயத்தைக் கொடுத்தார்கள். கூடத்தில் டி.வி.க்கு மேலே இருக்கிறதே, பொங்கலுக்குப் பொங்கல் நீ துடைத்து வைப்பாயே, அதுதான்.

அதோடு நின்றிருந்தால் ஒரு பிள்ளைக்குச் செய்த பாவம் என்று சொல்லிக்கொள்ளலாம். என்னையும் கருத்தாளர் ஆக்கினார்கள். ஆறு வருஷம் ஊர் ஊராகப் போய் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பயிற்சி ஹால் எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியும். காலையில் ஒரு கையெழுத்து, மத்தியானம் ஒரு கையெழுத்து. பூப் பெயர் வைத்த குழுக்கள், சார்ட் பேப்பர். மழைக் கைதட்டல் என்று ஒரு விரலில் ஆரம்பித்து ஐந்து விரலில் முடிப்போம், ஐம்பது வயசு ஆசிரியர்கள் எல்லாம் தலைவிதியே என்று தட்டுவார்கள். கடைசியில் கருத்துப் படிவம். மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று எல்லோரும் எழுதுவார்கள், நானும் எத்தனை தரம் எழுதியிருக்கிறேன். ஒருநாள் டீ நேரத்தில் ஒரு சின்ன வயசு டீச்சர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீடியோ மாதிரியே எங்க கிளாஸும் வந்திச்சுங்க டீச்சர். பாக்க வந்தன்னிக்கு ரெண்டு புள்ளைங்கள மட்டும் வர வேணாம்னுட்டேன், குரூப் அழகா அமைஞ்சிடுச்சு" என்றார். அவருக்கு நான் அதைக் கற்றுக் கொடுக்கவே இல்லை. என் பேச்சில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்தவர் அதைத்தான் கற்றுக்கொண்டு போயிருக்கிறார். அந்த மாதமே முட்டி வலி என்று எழுதிக் கொடுத்து வெளியே வந்தேன். முட்டி வலியும் பொய்தான். உண்மையை எழுத அப்போதும் தைரியம் வரவில்லை.

இதை எல்லாம் இத்தனை வருஷம் மூடி வைத்தவள் இப்போது ஏன் கிளறுகிறேன் என்று கேட்பாய். நீ சி.டி. கேட்டுவிட்டுப் போன பிறகு, புதன்கிழமை காலையில், வாசலில் மீன்காரப் பெண் குரல் கேட்டது. எப்போதும் வருகிறவள் இல்லை, புதுக் குரல். உனக்குப் பிடிக்குமே என்று சங்கரா இருக்கிறதா பார்க்கப் போனேன். கூடையை இறக்கி வைத்தவள் நிமிர்ந்து, "டீச்சர், நீங்களா, என்னத் தெரியுதா?" என்றாள். தெரிந்தது. முகம் மாறியிருந்தது, நாக்கைக் கடித்துக்கொள்கிற பழக்கம் மாறவில்லை. "கௌசல்யாதானே, எப்படிம்மா இருக்க?" என்றேன். நல்லா இருக்கேங்க என்றாள். அவள் அம்மாவுக்குக் கண் தெரியவில்லையாம், அதனால் இந்தப் பக்கத்து வாடிக்கையை இவள் பிடித்திருக்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, யாழினி என்று பேர், இரண்டாம் வகுப்பு, அதே பள்ளி. பேசிக்கொண்டே மீனைச் செதில் எடுத்துக் கொடுத்தாள். நான் உள்ளே போய்விடலாம் என்று திரும்பும்போதுதான் கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணுங்க. அடுத்த வாரம் வியாழக்கிழம பள்ளிக்கூடத்துக்கு வெளியிலேர்ந்து ஆளுங்க வர்றாங்களாம். வீடியோ எடுப்பாங்களாம். எம் புள்ள கொஞ்சம் மெதுவாப் படிக்கிற புள்ளைங்க. அன்னிக்கு அனுப்பவா, வேணாமா?"

யாழினியின் டீச்சர் வர வேண்டாம் என்று சொன்னாரா என்று கேட்டேன். "சேச்சே, அவங்க ஒண்ணும் சொல்லலங்க. நல்ல டீச்சர். நானாத்தான் கேக்குறேன். அவங்களுக்கு எதுக்கு சங்கடம்?" என்றாள். தம்பி, நான் திண்டாடிப்போனேன். இருபது வருஷத்துக்குப் பக்கமாக ஒரு பெண் அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள், இப்போது தன் பிள்ளைக்காகக் கேட்கிறாள். நான் செய்ததை ஒரு குற்றமாகக்கூட அவள் நினைக்கவில்லை, பள்ளிக்கூடத்து வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அன்னிக்கு உன்ன வர வேணாம்னு சொன்னது தப்பும்மா. நான் செஞ்சது தப்பு" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. அவள் கூச்சப்பட்டுச் சிரித்தாள். "அட, அத ஏங்க இப்போ. அன்னிக்கு நான் வீட்டுலயே இல்லைங்க டீச்சர். தம்பியத் தூக்கிக்கிட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு பூராத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். காமிரா எல்லாம் எறக்குனாங்க. உங்க மவன் என்னமாப் படிச்சாப்ல. எம் பேருகிட்ட அவருதான் புள்ளி வெச்சாப்ல" என்றாள்.

ஆக, அவளுக்குத் தெரியும். யார் வைத்தது என்று தெரிந்துகொண்டேதான் மறுநாள் என்னிடம் வந்து, நேற்று நான் வந்தேனா என்று கேட்டிருக்கிறாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள், எட்டு வயசில். நான் அட்டையை எடு என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாங்கிய மீனை என்னால் சாப்பிட முடியவில்லை. உன் அப்பா, குழம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. கையைப் பிடித்து வைத்தவள் நான். அந்த நாள் உனக்கு ஒரு சந்தோஷமான நாளாக இருந்தது, அதை உன்னிடமிருந்து பிடுங்குகிறேன் என்றுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை நீ எழுந்து நின்று, அந்த ஆறாவது பையன் நான்தான் என்று சொல்லும்போது அது யாருடைய இடம் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சி.டி.யை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். போடுவதானால் போடு. போட்டால் இந்தக் கடிதத்தையும் படி. என் பேரைச் சொல்லத் தயங்காதே. பாதிப் பேர் என்னிடம் பயிற்சி எடுத்தவர்கள், என்னைப் பற்றி நாலு பேச்சு பேசுவார்கள், பேசட்டும். உன் அப்பாவிடம் நேற்றே எல்லாம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கே கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். கேடயத்தை டி.வி. மேலிருந்து அவர்தான் இறக்கினார்.

புத்திமதி என்று பெரிதாக ஒன்றும் என்னிடம் இல்லை. நீ என்னைவிட நன்றாகப் பேசுகிறாய், லாப்டாப்பில் என்னென்னவோ செய்கிறாய். இப்போதைய பயிற்சிகளில் பாதி போனிலேயே வந்துவிடுகிறது, ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் நானே வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்திருக்கிறேன். சான்றிதழ் வந்தது. அதனால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். யேனாம் ஆசிரியை என் கையில் கொடுத்த தெலுங்குப் பக்கம் மாதிரி ஏதாவது ஒன்றை அவர்கள் கையில் கொடு. தெரியாதவர்களாக ஒரு பத்து நிமிஷம் அவர்கள் எல்லோர் முன்னாலும் நிற்கட்டும். பார்க்க அழகாக இருக்கிற வகுப்பை அவர்களுக்குக் காட்டாதே. அதைப் பார்த்து அவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று நான் பார்த்துவிட்டேன்.

கௌசல்யாவின் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று சொல்லவில்லையே. அனுப்பு என்று சொன்னேன். கண்டிப்பாக அனுப்பு, யார் என்ன சொன்னாலும் அனுப்பு, வகுப்பு எடுக்கப்போவது என் மகன்தான் என்று சொன்னேன். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "அவரா? அப்போ சரிங்க டீச்சர்" என்றாள். எதை நம்பி அப்படிச் சொன்னாளோ, எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன், அதற்கு என்னைத் திட்டிக்கொள். வருகைப் படம் இன்னும் அந்தச் சுவரில் தொங்குகிறதாம், இப்போது பிளாஸ்டிக்கில் அச்சடித்தது. யாழினி தன் புள்ளியை அம்மா மாதிரியே சுற்றிச் சுற்றித்தான் வைப்பாளாம். வியாழக்கிழமை அவள் முறை வரும்போது அவளுக்குப் பின்னால் வரிசை நிற்கும், வெளிச்சம் போட்டவர்கள் அவசரப்படுவார்கள், நீயும் பாடத்தை ஆரம்பிக்கத் துடிப்பாய். அவள் கையைப் பிடிக்காதே, தம்பி. அவள் வைத்து முடிக்கிறவரை காமிராவைக் காத்திருக்கச் சொல்.

அம்மா